அருகில் இருக்கும் பணி

மனநலப் பிரிவில் உதவியாளராகச் சேர விரும்புவோருக்கும், அவ்வுதவியாளர்களை நாள்தோறும் காணும் குடும்பத்தாருக்கும்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, புறநோயாளிப் பிரிவில் மருந்து வழங்கும் சாளரத்திற்கு எதிரே ஒரு தாயும் மகளும் அமர்ந்திருந்தனர். தாய்க்கு மனச்சிதைவு நோய். சில ஆண்டுகளாக நம் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வருகிறார். இப்போது நலமாக இருக்கிறார். மாதம் ஒருமுறை வந்து மருத்துவரைப் பார்த்து, மருந்து வாங்கிச் செல்கிறார். மகள் இளம்பெண். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, "அக்கா, நீங்க செய்யற இந்த வேலைக்கு வரணும்னா என்ன படிக்கணும்?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் தாய் குறுக்கிட்டார். "வீட்டுல என்னைப் பாத்துக்கிட்டது போதாதா? இங்க வந்தும் அதே வேலையா?" மகள் சிரித்தார், தாய் சிரிக்கவில்லை.

மகள் மருந்து வாங்க வரிசையில் நின்றபோது, தாய் என்னை அருகில் அழைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "முதல் தடவை இங்க சேத்தப்போ ஒரு ஆயாம்மாவை நான் அறைஞ்சிட்டேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்தம்மா திருப்பி ஒண்ணும் சொல்லல. மறுநாள் காலையில அவங்கதான் எனக்குத் தலை வாரிவிட்டாங்க. என் பொண்ணையும் யாராவது அப்படி அடிச்சா?"

நின்ற இடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விடை என்னிடம் இல்லை. நான் இருபத்தாறு ஆண்டுகளாக மனநலப் பிரிவுகளில் உதவியாளராகப் பணிபுரிந்தவள். இப்போது புதியவர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பில் இருப்பவள். மகளின் கேள்விக்கும் தாயின் கேள்விக்கும் சேர்த்து இக்கட்டுரையை எழுதுகிறேன். இருவரின் இசைவையும் பெற்றே அவர்களைப் பற்றிக் குறிப்பிட்டுள்ளேன். அவர்களை இன்னாரென்று காட்டக்கூடிய விவரங்களை விலக்கியுள்ளேன்.

யார் இந்த உதவியாளர்?

உள்நோயாளிப் பிரிவில் மருத்துவர் காலையில் சுற்றி வருகிறார். செவிலியர் மருந்து கொடுக்கிறார், ஊசி போடுகிறார், குறிப்பேட்டை எழுதுகிறார். உளவியலரும் மனநலச் சமூகப் பணியாளரும் குறித்த நேரத்தில் வந்து பேசுகின்றனர். எஞ்சிய நேரம் முழுவதும் நோயாளியின் அருகில் இருப்பவர் உதவியாளர். சீட்டில் எந்தப் பதவிப்பெயர் எழுதியிருந்தாலும், நீங்கள் அவரை 'ஆயாம்மா' என்றோ 'வார்டு அண்ணன்' என்றோதான் அழைப்பீர்கள்.

காலையில் எழுப்புவது, பல் துலக்கவும் குளிக்கவும் துணை நிற்பது, உணவு பரிமாறி அது உண்ணப்படுகிறதா என்று பார்ப்பது, முற்றத்தில் உடன் நடப்பது, பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது, பார்வையாளர் நேரத்தில் உடனிருப்பது, இரவில் உறங்காதவரின் கட்டிலருகே அமர்வது ஆகியவை அவருடைய வேலைகள். இவற்றில் எதுவும் புதுமையானதன்று. ஆயினும் மனம் கலங்கிய ஒருவர் மீண்டும் தம் நாளைத் தாமே நடத்தத் தொடங்குவது, இச்சிறு செயல்கள் ஒவ்வொன்றையும் திரும்பக் கைக்கொள்வதன் வழியாகத்தான். மூன்று நாட்களாகக் குளிக்க மறுத்தவர் நான்காம் நாள் தாமாகவே வாளியை எடுத்துக்கொண்டு செல்வதை முதலில் காண்பவர் உதவியாளரே.

உடல்வலிமை உடையவர்களே இப்பணிக்கு ஏற்றவர்கள் என்று பலர் எண்ணுகின்றனர். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இப்பணியின் வரலாற்றில் ஒரு மனிதரைப் பற்றி அறிந்தபின் அவ்வெண்ணம் மாறியது.

சங்கிலியை அகற்றியவர்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகருக்கு அருகே பிசேத்ர் என்னும் பெரிய மருத்துவ நிலையம் இருந்தது. அங்கே மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். மனநோயாளிகளின் சங்கிலிகளை அகற்றியவர் என்று உலகம் கொண்டாடுவது பிலிப் பினேல் என்னும் மருத்துவரை. அவர் பெருமைக்குரியவர், அதில் ஐயமில்லை. ஆனால் பிசேத்ரில் 1797ஆம் ஆண்டு சங்கிலிகளை அகற்றச் செய்தவர் அப்பிரிவின் பொறுப்பாளராக இருந்த ழான் பாப்திஸ்த் பூசேன். பினேல் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே வேறு மருத்துவமனைக்குச் சென்றுவிட்டார்.

பூசேன் மருத்துவர் அல்லர். தோல் பதனிடும் தொழிலாளியாக இருந்தவர். கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற அதே பிசேத்ருக்கு நோயாளியாக வந்து, குணமடைந்தபின் அங்கேயே பணியில் அமர்ந்தவர். தம் கீழ்ப் பணிபுரிவோர் நோயாளிகளை அடிக்கக் கூடாது என்பது அவர் வகுத்த கண்டிப்பான விதி. நோயிலிருந்து தேறியவர்களையே பணியாளர்களாகச் சேர்த்துக்கொள்வதை அவர் விரும்பினார். அவருடைய மனைவி மார்கரித்தும் அப்பணியில் துணைநின்றார். பிற்காலத்தில் பினேல் தம் நூலில் பூசேனிடமிருந்து கற்றதை மறைக்காமல் எழுதினார். தாம் பணிபுரிந்த சால்பெத்ரியேர் மருத்துவமனைக்கு 1802இல் அவரை வரவழைத்துக்கொண்டார்.

நம் துறையின் பெரிய திருப்பங்களுள் ஒன்று, நோயாளிகளுடன் நாள் முழுவதும் இருந்த ஒருவரின் கண்ணிலிருந்து தோன்றியது. புதிதாகச் சேர்வோருக்கு நான் முதல் நாள் சொல்லும் கதை இதுதான்.

நம் மண்ணிலும் இப்பணிக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னையில் மனநோயாளிகளுக்கான காப்பகம் 1794இல் தொடங்கப்பட்டது. அதன் வழிவந்ததே இன்றைய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம். எத்தனையோ ஆயிரம் பேர் நலம்பெற்றுச் சென்ற அந்த இடத்தின் பெயரைத்தான் நம் ஊர்களிலும் திரைப்படங்களிலும் ஒருவரை இகழும் சொல்லாக வழங்குகிறோம். அச்சொல்லைக் கேட்டு வளர்ந்த பெண்தான் நானும். மனநலப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன் என்று ஊரில் சொல்வதற்கு எனக்கு ஓராண்டு ஆயிற்று.

நான் பணியில் சேர்ந்து மூன்றாம் ஆண்டில், 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பி ஓட இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். செய்தித்தாளை வார்டில் யாரும் உரக்கப் படிக்கவில்லை. ஆனால் அன்று என் நோயாளிகளுள் ஒருவர், "இங்க ராத்திரி கதவைப் பூட்டுவீங்களா?" என்று கேட்டார். பூட்டுவோம் என்றும், சாவி என் இடுப்பில் இருக்கும் என்றும், நான் உறங்க மாட்டேன் என்றும் சொன்னேன். அவருக்குத் தேவைப்பட்டது அந்த மூன்றாவது விடை.

முதல் மாதத்தில் கற்பவை

புதியவர் முதல் வாரத்தில் தனியாக எதையும் செய்வதில்லை. அனுபவமுள்ள ஒருவரின் நிழல்போல் உடன் செல்கிறார். அவர் முதலில் கற்பது எண்ணுவது. பணிமுறை மாறும்போது நோயாளிகளின் எண்ணிக்கை, சாவிகளின் எண்ணிக்கை, சவரக் கத்திகள், கத்தரிக்கோல், கரண்டிகள் ஆகியவற்றின் எண்ணிக்கை எல்லாம் கைமாறும். ஒன்று குறைந்தாலும் முந்தைய பணிமுறையினர் வீட்டிற்குச் செல்வதில்லை. பார்வையாளர் கொண்டுவரும் பைகளைத் திறந்து பார்ப்பதும் இதனால்தான். கண்ணாடிப் புட்டி, நீண்ட துப்பட்டா, இடுப்பு வார், நாடா, தீப்பெட்டி ஆகியவற்றை நாங்கள் வாங்கி வைத்துக்கொள்ளும்போது பலர் மனம் வருந்துகின்றனர். உங்களை ஐயுற்று அவ்வாறு செய்வதில்லை. நீங்கள் கொடுத்துச் சென்ற பொருள் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் கைக்கும் செல்லலாம்.

அடுத்து அவர் கற்பது கவனிப்பது. தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உடைய நோயாளியை எவ்வளவு நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும் என்பதை மருத்துவக் குழு தீர்மானிக்கும். சிலருக்குக் குறித்த இடைவெளியில் சென்று பார்த்தால் போதும். சிலருக்குக் கை எட்டும் தொலைவில் ஒருவர் இருந்துகொண்டே இருக்க வேண்டும், குளியலறை வரையிலும். இது நோயாளிக்கும் கூச்சம் தருவது, உதவியாளருக்கும் கூச்சம் தருவது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆனால் செவியைத் திருப்பாமல் நிற்கப் பழக வேண்டும்.

மருந்து கொடுப்பது செவிலியரின் பொறுப்பு. ஆனால் விழுங்கப்பட்டதா, நாவின் அடியில் ஒதுக்கப்பட்டதா என்பதை அறிய உதவியாளரின் கண்ணும் வேண்டும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படும் மின்வலிப்புச் சிகிச்சைக்கு முன்னர் நோயாளி வெறும் வயிற்றுடன் இருக்க வேண்டும். அன்று அதிகாலையில் பரிதாபப்பட்டு ஒரு வாய் காப்பி கொடுத்துவிட்டால், மயக்க நிலையில் அது மூச்சுக்குழாயில் ஏறி உயிருக்கே ஊறு விளைக்கலாம். இரக்கம் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் இப்பணி கற்பிக்கிறது.

சில மருந்துகளைப் பற்றிய எளிய அறிவும் வேண்டும். லித்தியம் உட்கொள்பவருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால், கை நடுக்கம் மிகுந்தால், நடை தள்ளாடினால், உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும்; இரத்தத்தில் மருந்தின் அளவு மிகுந்திருக்கலாம். குளோசபைன் உட்கொள்பவருக்குக் காய்ச்சலும் தொண்டைவலியும் வந்தால் அதைச் சாதாரணச் சளி என்று விட்டுவிடக் கூடாது; வெள்ளணுக்கள் குறைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டியிருக்கும். என்ன செய்வது என்று முடிவெடுப்பது உதவியாளரின் வேலையன்று. கண்டதைக் கண்டபடி, காலம் தாழ்த்தாமல் சொல்வதே அவர் வேலை. வீட்டில் இம்மருந்துகளைக் கொடுத்துவரும் உங்களுக்கும் இது பொருந்தும்.

நான் செய்த தவறு

பயிற்சி வகுப்பில் நான் மறைக்காமல் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அது நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த வேறொரு மருத்துவமனையில் நடந்தது. நடுவயதுப் பெண் ஒருவர் புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தார். மருந்து தொடங்கிய சில நாட்களில் குரல்கள் கேட்பது சற்றுக் குறைந்தது என்றார். ஆனால் ஓரிடத்தில் உட்காரவில்லை. உணவுத் தட்டின் முன் அமர்வார், உடனே எழுவார். நின்றால் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார். இரவில் கட்டிலுக்கும் சன்னலுக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பார்.

அப்போது எனக்குப் பணியில் இரண்டு மாதங்கள் நிறைந்திருந்தன. எல்லாம் தெரிந்துவிட்டது என்று தோன்றும் காலம் அது. "எத்தனை தடவை சொல்றது, உக்காருங்க" என்று கடிந்துகொண்டேன். கைப்பிடித்து அமர வைத்தேன். 'சொன்ன பேச்சுக் கேட்பதில்லை' என்று பணிமாற்றத்தின்போது மற்றவரிடம் சொன்னேன். நான்காம் நாள் மூத்த செவிலியர் ஒருவர் அவரருகில் சென்று, "உங்களால உக்கார முடியலையா, இல்ல உக்காரப் பிடிக்கலையா?" என்று கேட்டார். அப்பெண் அழுதுவிட்டார். உள்ளே யாரோ பிடித்துத் தள்ளுவதுபோல் இருக்கிறது என்றும், உட்கார வேண்டும் என்று தமக்கும் ஆசைதான் என்றும் சொன்னார்.

அது மனநோய் மருந்துகள் சிலருக்கு உண்டாக்கும் பக்கவிளைவு. உடம்பை ஓரிடத்தில் இருக்கவிடாத தவிப்பு. மருந்தின் அளவைக் குறைத்தும், வேறொரு மருந்தைச் சேர்த்தும் அதைத் தணிக்க இயலும். அவருக்கும் சில நாட்களில் தணிந்தது. ஆனால் மூன்று நாட்கள் அவர் பட்ட துன்பத்தை மிக அருகிலிருந்து பார்த்தவள் நான். பார்த்தும் அதற்குப் பிடிவாதம் என்று பெயரிட்டவள். அப்பெண் நலமடைந்து வீடு செல்லும் நாளில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க கையப் பிடிச்சு உக்கார வெச்சீங்களே, அப்ப ஒரு நிமிஷம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அவர் பெருந்தன்மையால் சொன்னாரா, உண்மையையே சொன்னாரா என்று நான் இன்னும் எண்ணிப் பார்ப்பதுண்டு.

அன்றிலிருந்து குறிப்புச் சொல்லும்போது 'அடம்', 'திமிர்', 'நடிப்பு' ஆகிய சொற்களை நான் பயன்படுத்துவதில்லை. என் மாணவர்களையும் பயன்படுத்த விடுவதில்லை. 'மதிய உணவின்போது ஐந்து முறை எழுந்தார்' என்று சொன்னால் மருத்துவருக்கு அதிலிருந்து ஒரு வழி புலப்படும். 'அடம் பிடிக்கிறார்' என்று சொன்னால் எல்லா வழியும் அடைபடும்.

குரல் உயரும்போது

இனித் தாயின் கேள்விக்கு வருகிறேன். அடி விழுமா? விழலாம். நான் வாங்கியிருக்கிறேன், இருபத்தாறு ஆண்டுகளில் சில முறை. மறைத்துச் சொன்னால் புதிதாக வருபவருக்கு அநீதி செய்தவளாவேன். ஆனால் மனநோயாளிகள் எல்லாரும் தாக்கக்கூடியவர்கள் என்பது பிழையான எண்ணம். பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. தாக்குபவரும் பெரும்பாலும் அச்சத்தினாலேயே தாக்குகிறார். தம்மைக் கொல்ல வருகிறார்கள் என்று உறுதியாக நம்பும் ஒருவருக்கு, கையைப் பிடிக்க வருபவர் கொலையாளியாகவே தோன்றுவார்.

ஆகவே அச்சத்தைத் தணிப்பதே பயிற்சியின் பெரும்பகுதி. நேருக்கு நேர் மார்பை நிமிர்த்தி நில்லாமல் சற்றே பக்கவாட்டில் நிற்க வேண்டும். கை எட்டாத தொலைவு வேண்டும். நம் கைகள் அவர் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். அறையின் வாயிலை மறிக்கக் கூடாது. வெளியேற வழி அவருக்கும் வேண்டும், நமக்கும் வேண்டும். ஒருவர் மட்டுமே பேச வேண்டும். நால்வர் சூழ்ந்து அறிவுரை சொன்னால் அடங்கவிருந்த சினமும் மூளும். குரலைத் தாழ்த்தி, சிறு வாக்கியங்களில் பேசி, விடைக்குக் காத்திருக்க வேண்டும். சுவரில் ஒலிப்பெருக்கி இருக்கிறது என்று அவர் சொன்னால், இல்லை என்று வாதாடுவதும் இருக்கிறது என்று ஒத்துக்கொள்வதும் பயன் தராது. "எனக்குக் கேக்கல. ஆனா உங்களுக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. நான் இங்கயே இருக்கேன்" என்று சொல்லலாம். அதில் பொய் இல்லை.

தனியாக நின்று வீரம் காட்டுவதும் இப்பணியில் தவறு. நிலைமை மீறுவதாகத் தோன்றினால் உடனே உதவிக்கு அழைக்க வேண்டும். அடிபட்ட உதவியாளருக்கு முதலில் சிகிச்சை. பின்னர் அன்று நடந்ததை அமர்ந்து பேசுவதற்கு ஒரு நேரம். எந்த மருத்துவமனையில் இதற்கு இடமில்லையோ, அங்கே நல்ல உதவியாளர்கள் நெடுநாள் தங்குவதில்லை.

சட்டம் சொல்வது

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை ஒவ்வொரு புதியவரும் தமிழில் கேட்டு அறிந்த பின்னரே நம் வார்டில் தனியாகப் பணிபுரிய விடுகிறோம். அதிலுள்ள சில செய்திகள் உங்களுக்கும் உரியவை.

எவரையும் எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது. தனியறையில் அடைத்து வைக்கக் கூடாது. உடலைக் கட்டுப்படுத்துவது, நோயாளிக்கோ பிறருக்கோ உடனடியாக நேரவிருக்கும் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பிலுள்ள மனநல மருத்துவரின் ஒப்புதலுடன், மிகத் தேவையான நேரத்திற்கு மட்டும் செய்யத்தக்கது. அதன் காரணமும் முறையும் நேரமும் மருத்துவக் குறிப்பில் எழுதப்பட வேண்டும். நோயாளி தம் சார்பாகப் பேச நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் போதவில்லை என்ற காரணத்திற்காகவும் கட்டக் கூடாது. கடைசியாகச் சொன்னது எங்களைப் போன்றோருக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. இரவில் ஒருவர் விடுப்பெடுத்தால் கயிறு அவருக்கு ஈடாகாது.

நோயாளி விரும்பினால் தம் சொந்த உடையை அணியலாம். அவரைக் கட்டாயப்படுத்தி மொட்டையடிக்கக் கூடாது. விருப்பமின்றி வேலை வாங்கக் கூடாது. விரும்பிச் செய்யும் வேலைக்கு உரிய கூலி தர வேண்டும். அவருடைய நோயைப் பற்றிய செய்திகள் வெளியே செல்லக் கூடாது. பேருந்தில் உங்கள் வீட்டு நோயாளியை நான் காண நேர்ந்தால் அறிமுகமில்லாதவள்போல் கடந்து செல்வேன். அதைச் செருக்கு என்று எண்ண வேண்டாம்; நீங்கள் முதலில் புன்னகைத்தால் நானும் புன்னகைப்பேன்.

குடும்பத்தாரும் உடன்பணியாளரே

1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் தலைவராக இருந்த டாக்டர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரங்கள் அமைத்து, நோயாளிகளோடு அவர்களின் குடும்பத்தாரையும் தங்கச் செய்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவிலும் உறவினர் உடன்தங்கும் முறை நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. குடும்பத்தார் அருகிலிருந்து நோயைப் புரிந்துகொண்டால், வீடு திரும்பிய பின்னரும் பராமரிப்புத் தொடர்கிறது என்பது அந்நிலையங்களின் அனுபவம். உதவியாளர் வார்டில் செய்வதும் நீங்கள் வீட்டில் செய்வதும் பெரும்பாலும் ஒரே வேலைதான்.

ஆகவே உங்கள் வீட்டவர் வார்டில் சேரும்போது மருத்துவரிடம் சொல்வனவற்றோடு, உதவியாளரிடமும் சிலவற்றைச் சொல்லுங்கள். அவரை வீட்டில் எப்பெயரால் அழைப்பீர்கள்? எந்த உணவை மறுக்க மாட்டார்? சினம் வருவதற்கு முன் அவரிடம் தோன்றும் முதல் மாற்றம் என்ன? எதைச் சொன்னால் அமைதியடைவார்? குளிக்கையில் வெந்நீர் வேண்டுமா? பெண் நோயாளி எனில் மாதவிலக்கின்போது என்ன துணை வேண்டும்? இவை எந்தக் குறிப்பேட்டிலும் இருப்பதில்லை.

அதுபோலவே உதவியாளரிடம் நீங்கள் கேட்கலாம்: நேற்றிரவு உறங்கினாரா? எவ்வளவு உண்டார்? யாரோடேனும் பேசினாரா? நோய் எப்போது தீரும், மருந்தை மாற்றலாமா என்பவற்றை மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு என்ன நோய் என்று கேட்க வேண்டாம். பணமும் கொடுக்க வேண்டாம். வாங்குவது எங்களுக்குக் குற்றம். உங்கள் வீட்டவரை ஒருவர் கடுஞ்சொல் சொல்வதையோ கைநீட்டுவதையோ கண்டால் பொறுப்புச் செவிலியரிடம் உடனே சொல்லுங்கள். அது எங்கள் மேல் பகை கொள்வதாகாது.

சேர விரும்புவோர் அறிய வேண்டுவன

பெரும்பாலான மருத்துவமனைகள் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை எதிர்பார்க்கின்றன. இதில் இடத்திற்கு இடம் வேறுபாடு உண்டு. 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்' எனப்படும் பொதுப் பராமரிப்பு உதவியாளர் பயிற்சியைத் திறன் மேம்பாட்டு நிலையங்கள் சில மாத காலப் படிப்பாக நடத்துகின்றன. நோயாளியைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, தொற்றுத் தடுப்பு, முதலுதவி ஆகியவற்றை அதில் கற்கலாம். மனநலம் சார்ந்த பயிற்சியைப் பெரும்பாலும் பணியிடமே தர வேண்டும். எனவே நேர்காணலில் நீங்களும் கேளுங்கள்: தனியாகப் பொறுப்பேற்குமுன் எத்தனை நாள் பயிற்சி? இரவில் ஒரு வார்டுக்கு எத்தனை பேர்? நிரந்தரப் பணியா, ஒப்பந்தப் பணியா? வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ. காப்பீடும் உண்டா? மஞ்சட்காமாலை பி தடுப்பூசி போடப்படுமா? விடை சொல்லத் தயங்கும் இடத்தில் சேருமுன் ஒரு முறைக்கு இரு முறை எண்ணிப் பாருங்கள்.

ஊதியம் பெரிதன்று, அதை நான் இனிப்பாக்கிச் சொல்லப் போவதில்லை. இரவுப் பணி உண்டு, பண்டிகை நாளிலும் பணி உண்டு. உரிய கல்வித் தகுதி உடையவர்கள் பின்னர் செவிலியர் படிப்பிலோ சமூகப் பணிப் படிப்பிலோ சேர்ந்து உயர்ந்ததைக் கண்டிருக்கிறேன். உதவியாளராகவே ஓய்வுபெற்றவர்களும் உண்டு. அவர்களிடமிருந்தே நான் மிகுதியாகக் கற்றேன்.

நோயிலிருந்து தேறியவர் இப்பணிக்கு வரலாமா என்று பலர் தயங்கிக் கேட்கின்றனர். வரலாம். பூசேன் விரும்பியது அத்தகையவரைத்தான். மனநோயும் இடம்பெறும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் முடிவெடுக்குமுன் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். குறிப்பாக இருமுனைக் கோளாறு உடையவருக்கு உறக்கம் கெடுவது நோயை மீண்டும் தூண்டக்கூடும். இரவுப் பணி இல்லாத ஏற்பாட்டை முன்கூட்டியே கேட்டுப் பெறுவது நல்லது.

அந்தத் தாய்க்கு

உங்கள் மகள் வீட்டில் செய்ததையே இங்கும் செய்வார் என்றீர்கள். ஓரளவு உண்மை. ஆனால் வீட்டில் அவருக்குப் பணிமுறை முடிவதில்லை. இரவு முழுவதும் உங்கள் மூச்சைக் கேட்டுக்கொண்டு விழித்திருந்தவருக்கு, காலையில் வந்து 'நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் உறங்கு' என்று சொல்ல யாரும் இல்லை. இங்கே அதைச் சொல்ல ஒருவர் வருவார். ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஆளிருக்கும். தவறு செய்தால் திருத்துவதற்கு ஆளிருக்கும். மாத இறுதியில் ஊதியம் இருக்கும். வீட்டில் அன்பினால் தட்டுத் தடுமாறிக் கற்றதை இங்கே ஒரு தொழிலாக முறைப்படி கற்பார்.

அடிப்பார்களா என்று கேட்டீர்கள். ஒருநாள் யாரேனும் அடிக்கலாம். அன்று அவருக்கு வலிக்கும். வீட்டிற்கு வந்து அழவும் கூடும். அப்போது அவருக்கு ஆறுதல் சொல்ல உங்களைவிடத் தகுதியுடையவர் எவரும் இல்லை. அடித்தவரின் அச்சம் எத்தகையது என்பது உங்களுக்குத் தெரியும். மறுநாள் காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றவரைக் கண்டபோது என்ன தோன்றியது என்பதும் உங்களுக்கு மட்டுமே தெரியும்.

அடுத்த முறை மருந்து வாங்க வரும்போது மகளை என்னிடம் அழைத்து வாருங்கள். முடிவு அவருடையது. அரைநாள் வார்டில் என்னுடன் இருந்து பார்க்கட்டும். பிடிக்காவிட்டால் தேநீர் அருந்திவிட்டு உங்களோடு வீடு திரும்பட்டும்.

மனம் துயருற்று யாரிடமேனும் பேச வேண்டும் என்று தோன்றினால், நோயாளியானாலும் பராமரிப்பவரானாலும், டெலி-மானஸ் என்னும் அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசலாம்.